குடையை மறக்காதே: கனசாவாவில் முதல் பதினேழு நாள்கள்

இந்தக் குறிப்புகளை இரவுகளில், தரையில் படுக்கையை விரித்துப் போட்ட பிறகு எழுதினேன். ஓராண்டுப் பரிமாற்றப் படிப்புக்காகத் தஞ்சாவூரிலிருந்து ஜப்பானின் கனசாவா நகருக்கு வந்திருக்கிறேன். ஆண்டு முழுவதும் ஒரு குடும்பத்தோடு தங்கும்படி ஏற்பாடாகியிருந்தது. அச்சகத்தில் வேலை பார்க்கும் அப்பா, பகுதிநேர வேலைக்குப் போகும் அம்மா, பதினாறு வயது மகன், அம்மாவைப் பெற்ற எண்பத்து நான்கு வயதுப் பாட்டி என நால்வர் இருக்கும் வீடு அது. அப்பாவை ஒதோசான் என்றும், அம்மாவை ஒகாசான் என்றும், பாட்டியை ஒபாச்சான் என்றும் நானும் அழைக்க வேண்டுமென்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். வழியில் பார்ப்பவரைக்கூட அண்ணா, அக்கா என்று முறை வைத்துக் கூப்பிட்டு வளர்ந்த எனக்கு அதில் தயக்கமே ஏற்படவில்லை.

செப்டம்பர் 27, 2024, வெள்ளி

ரயிலை விட்டு இறங்கியபோது மழை பெய்துகொண்டிருந்தது. நிலையத்தின் வாசலில் கண்ணாடியும் அலுமினியமும் கொண்டு கட்டிய பெரிய கவிகை மாடம் ஒன்று இருக்கிறது. மழையில் வந்து இறங்குகிறவர்களுக்கு ஊரே குடை பிடிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் அதை அமைத்தார்களாம். அதற்கு அப்பால் 13.7 மீட்டர் உயரத்தில் ஒரு மர வாயில் நிற்கிறது. அதன் இரண்டு தூண்களும் சுஸுமி என்னும் ஜப்பானியத் தோற்கருவியின் வடிவில் இடை சிறுத்து முறுக்கிக்கொண்டிருந்தன. எனக்கு அவை உடுக்கையாகவே தெரிந்தன. எங்கள் தெரு மாரியம்மன் கோயில் பூசாரியின் கையில் இருப்பதை யாரோ மரத்தில் பெரிதாகச் செய்து நிறுத்தியதுபோல இருந்தது.

ஒதோசான் கையில் மூன்று குடைகளோடு நின்றிருந்தார். ஒன்று அவருக்கு, ஒன்று ஒகாசானுக்கு, மூன்றாவது எனக்கு. காரில் ஏறியதும் அவர் எனக்குக் கற்றுத் தந்த முதல் வாக்கியம் இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பழமொழி: கட்டுச்சோற்றை மறந்தாலும் குடையை மறக்காதே. ஜப்பானிய மொழியில் ‘வசுரெதெமோ’ என்றால் ‘மறந்தாலும்’. கடைசியில் வரும் ‘மோ’ நம்முடைய ‘உம்’ செய்யும் வேலையைச் செய்கிறது. ‘வதாஷி மோ’ என்றால் ‘நானும்’. ‘தாரெ மோ’ என்றால் ‘யாரும்’. இரண்டாண்டுகள் இலக்கணப் புத்தகத்தில் படித்திருந்தாலும், மழை வழியும் கார்க் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஒருவர் சொல்லக் கேட்டபோதுதான் அது காதில் தமிழாக விழுந்தது.

வாசற்படிக்குக் கீழே காலணிகளைக் கழற்றிவிட்டு ஒரு படி ஏறித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். நான் ஏறியதும் ஒகாசான் குனிந்து, என் காலணிகளைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தார். திரும்பப் புறப்படும்போது அப்படியே மாட்டிக்கொண்டு இறங்குவதற்காக அந்த ஏற்பாடு. பெரியவர் ஒருவர் என் செருப்பைத் தொட்டது எனக்குப் பதைப்பாக இருந்தது. மறுநாளிலிருந்து நானே முந்திக்கொண்டு எல்லோருடையதையும் திருப்பி வைக்கத் தொடங்கினேன். கழிவறைக்கென்று தனிச் செருப்பு உண்டு. அதை மாட்டியபடியே கூடத்துக்கு வந்துவிட்டேன். பையன் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வேறொரு சோடியை என் காலடியில் வைத்தான்.

குளியலைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும். முதலில் தொட்டிக்கு வெளியே சிறிய முக்காலியில் அமர்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்து முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் கழுத்தளவு வெந்நீர்த் தொட்டியில் இறங்கலாம். ஒரே நீரில்தான் வீட்டார் அனைவரும் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். ஆகவே அதில் அழுக்கோ நுரையோ கலக்கக் கூடாது. விருந்தினர் என்பதால் முதல் முறை எனக்குத் தரப்பட்டது. குளித்து முடித்ததும் தண்ணீரைத் திறந்துவிடப் போனேன். நல்ல வேளையாக, தொட்டியின் மேல் சுருட்டி வைத்திருந்த மூடியைப் பார்த்து யோசித்து நிறுத்திக்கொண்டேன். அந்தத் தண்ணீருக்காக இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள்.

ஒபாச்சான் அன்று என்னிடம் அதிகம் பேசவில்லை. தொலைக்காட்சியின் முன் முழங்காலிட்டு அமர்ந்திருந்தார். திரையில் சேறு படிந்த தெருக்கள் தெரிந்தன. அவர் ஊர் வாஜிமா. கனசாவாவுக்கு வடக்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் நோதோ தீபகற்பத்தின் வடகரையில் இருக்கிறது. இந்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி மாலை 4.10 மணிக்கு அங்கே 7.6 அளவில் நிலம் நடுங்கியது. புகழ்பெற்ற காலைச் சந்தைத் தெருவில் தீப்பிடித்துச் சுமார் 240 கட்டடங்கள் எரிந்தன. வீடிழந்தவர்களுக்குத் தற்காலிக வீடுகள் கட்டிக் கொடுத்துச் சில மாதங்களே ஆன நிலையில், செப்டம்பர் 21ஆம் தேதி பெய்த பெருமழையில் அந்த வீடுகளுக்குள்ளும் ஆற்று வெள்ளம் புகுந்துவிட்டது. நான் வந்து சேர்ந்தது அதற்கு ஆறு நாள் கழித்து.

செப்டம்பர் 28, சனி

காலையில் ஒகாசானோடு சந்தைக்குப் புறப்பட்டேன். வாசலில் நின்று ஒபாச்சானைப் பார்த்து, எனக்குத் தெரிந்த ஜப்பானியத்தில் ‘இகிமஸு’ என்றேன், அதாவது, போகிறேன். அவர் நிமிர்ந்து பார்த்துத் தலையை அசைத்து, மெல்லத் திருத்தினார்: ‘இத்தெகிமஸு.’

‘இத்தெ’ என்றால் போய். ‘கிமஸு’ என்றால் வருகிறேன். வீட்டில் இருப்பவர் அதற்கு ‘இத்தெராஷ்ஷாய்’ என்பார், போய் வாருங்கள். இந்தச் சொற்களைப் பாடப் புத்தகத்தில் முகமன் பட்டியலில் பத்தோடு பதினொன்றாக மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் ‘போறேன்னு சொல்லாதடி, போயிட்டு வர்றேன்னு சொல்லு’ என்று வாசலில் நிறுத்தி என் அப்பாயி எத்தனை முறை கண்டித்திருப்பார்! அதே வாசல், அதே கண்டிப்பு. செருப்பை மாட்டியபடி திரும்பி ‘இத்தெகிமஸு’ என்று சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒபாச்சான் அதைப் பார்த்திருக்க வேண்டும். அன்று மாலையிலிருந்து என்னோடு பேசத் தொடங்கினார்.

ஓமிச்சோ சந்தை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக இந்த நகரத்துக்குச் சமையலறையாக இருந்து வருகிறது. கூரை போட்ட சந்துகளில் பெரும்பகுதி மீன் கடைகள்தாம். மரக்கறி உண்பவளான நான் ஐஸ் உருகி ஓடும் அந்தச் சந்துகளை ஒதுங்கி ஒதுங்கிக் கடந்தேன். காய்கறிக் கடைக்கு வந்ததும் கால்கள் தாமாக நின்றுவிட்டன. இந்த வட்டாரத்துக்கே உரிய காய்களைக் காகா காய்கறிகள் என்று தனியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். சேறு ஒட்டிய தடித்த தாமரைக் கிழங்கு, கூம்பு வடிவில் செக்கச் சிவந்த பரங்கிக்காய், மேற்புறம் பச்சையும் அடிப்புறம் கத்தரி நிறமுமாக இருக்கும் ஒரு கீரை. அந்தக் கீரையை வேகவைத்தால் தண்ணீர் ஊதாவாகிவிடும் என்றார் கடைக்காரப் பெண்மணி. கேட்காமலேயே சர்க்கரைவள்ளிக் கிழங்குத் துண்டு ஒன்றைக் குச்சியில் குத்தி நீட்டி, ‘தாபெதெ மிதெ’ என்றார். சாப்பிட்டுப் பார். ‘தாபெதெ’ சாப்பிட்டு, ‘மிதெ’ பார். சாப்பிடுவதைச் சுவைத்தறிவதாகச் சொல்வதற்குக் கண்ணைத் துணைக்கு அழைப்பது தமிழின் வழக்கம் என்றே இதுவரை நினைத்திருந்தேன்.

விலைகள் மலைக்க வைத்தன. ரூபி ரோமன் என்னும் திராட்சை இந்த மாவட்டத்தின் பெருமை. பழம் ஒன்று 20 கிராமுக்குக் குறையக் கூடாது, இனிப்பு 18 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பருவம் முடியும் தறுவாயிலும் ஒரு கொத்து பத்தாயிரம் யென்னுக்கு மேல் சொன்னார்கள். அது பரிசுப் பொருள், விட்டுவிடலாம். ஒகாசான் கவலைப்பட்டது அரிசிக்காக. கோடையில் கடைகளில் அரிசியே கிடைக்காமல் போய், இப்போது கிடைத்தாலும் ஐந்து கிலோ மூட்டை 3,200 யென் ஆகிவிட்டது. நம் பணத்தில் சுமார் 1,850 ரூபாய். ஒகாசான் மூட்டையைக் கையில் எடுத்து, விலைச் சீட்டைப் பார்த்து, வைத்துவிட்டு, மறுபடியும் எடுத்தார். நெல் விளையும் ஊரிலிருந்து வந்தவள் நான். அந்த மூட்டையில் ஒரு வாய் எனக்கும் சேர்ந்தது என்பதை எண்ணியபடியே அதைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

எல்லோருமாகக் கென்ரோகுயென் தோட்டத்துக்குப் போனோம். ஜப்பானின் மூன்று பெருந்தோட்டங்களுள் ஒன்று இது. எனக்கு 320 யென். 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கட்டணமில்லை என்பதால் ஒபாச்சான் அடையாள அட்டையைக் காட்டி முன்னால் நடந்தார்.

புகைப்படங்களில் வரும் இரட்டைக்கால் கல்விளக்கை எல்லோரும் சூழ்ந்து நின்றார்கள்; அதன் ஒரு கால் நீரிலும் மற்றது கரைக்கல்லிலும் ஊன்றியிருக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது சற்றுத் தாழ்ந்த இடத்தில் இருக்கும் நீரூற்று. அதற்கு எந்த இயந்திரமும் கிடையாது. மேட்டில் இருக்கும் குளத்துக்கும் அந்த இடத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டினால் மட்டுமே நீர் மேலெழும்புகிறது. 1631இல் நகரம் பெருந்தீக்கு இரையானதும், மறு ஆண்டே ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டிக் கோட்டைக்கு நீர் கொண்டுவந்தார்கள். அந்தக் கால்வாய் நீர்தான் இன்றும் தோட்டத்துக்குள் ஓடுகிறது. கல்லணைக்குக் கீழே பிரியும் வாய்க்கால்களைப் பார்த்து வளர்ந்ததால், மேட்டு நீரைப் பள்ளத்துக்கு அழைத்துப் போன அந்தப் பழைய கணக்கை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரிய பைன் மரம் ஒன்றின் கீழ் ஒபாச்சான் அமர்ந்தார். நவம்பர் 1ஆம் தேதி தோட்டக்காரர்கள் வந்து, பனியின் பாரத்தில் கிளைகள் முறியாதிருக்க உச்சிக் கம்பத்திலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் கயிறு கட்டத் தொடங்குவார்கள் என்று கையை உயர்த்திக் கூம்பு போலக் காட்டினார். ‘மரத்தை முன்கூட்டியே கட்டிவிடலாம்’ என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

இன்று மனம் கனத்த நாள். இரவு உணவின்போது மிசோ சூப் மிக நன்றாக இருக்கிறது, அடிச்சுவை எதிலிருந்து வருகிறது என்று ஆவலாய்க் கேட்டேன். ஒகாசான் மகிழ்ச்சியோடு எழுந்து போய் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து காட்டினார். இழைத்த மரச்சீவல் போல மெல்லிய, இளஞ்சிவப்புச் சுருள்கள். உலர்த்திப் புகையூட்டிய சூரை மீன்.

நான் மீனும் இறைச்சியும் சாப்பிடுவதில்லை என்று படிவத்தில் எழுதியிருந்தேன். அதை ஒகாசான் கவனமாகவே படித்து, மூன்று நாளும் எனக்கென்று தனியாகக் காயும் சோயா தயிர்க்கட்டியும் சமைத்திருந்தார். ஆனால் இங்கே மீன் என்றால் தட்டில் இருக்கும் மீன். சூப்புக்கு அடியான தாஷி என்னும் சாற்றை யாரும் மீனாக எண்ணுவதில்லை. நம் வீட்டில் ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் எப்படியோ அப்படி. வறுத்த காய்க்கு ஊற்றும் குழம்பு, கீரைக்குத் தெளிக்கும் சாறு, முட்டைக்கோசுக்குத் தொட்டுக்கொள்வது என எல்லாவற்றிலும் அது இருந்தது.

என் முகம் மாறியதை அவர் பார்த்துவிட்டார். பொட்டலத்தைத் திருப்பி மேசையில் வைத்துவிட்டு இரு கைகளையும் தொடையில் ஊன்றி, தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டார். என் அம்மா வயதில் இருப்பவர் என் முன் தலை குனிவதைத் தாங்க முடியாமல் நானும் எழுந்து குனிந்தேன். தவறு என்னுடையது. சாற்றைப் பற்றி இங்கு வருமுன்பே படித்திருந்தேன். வந்த முதல் நாளே வாய் திறந்து கேட்டிருக்க வேண்டும். கேட்டால் தொந்தரவாகுமோ என்று மௌனமாக இருந்த என் தயக்கத்தால், அவர் மூன்று நாள் அன்போடு செய்தது வருத்தமாக முடிந்தது. இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. கீழே ஒகாசானும் ஒபாச்சானும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் 1, செவ்வாய்

காலையில் சமையலறைக்குப் போனபோது ஒபாச்சான் அடுப்பருகே முக்காலியில் அமர்ந்திருந்தார். நான் பார்த்த நாள்களில் அவர் அங்கே வந்தது இதுவே முதல் முறை. முன்னால் ஒரு பாத்திரத் தண்ணீரில் கரும்பச்சைப் பட்டை ஒன்று விரிந்து மிதந்துகொண்டிருந்தது. அதன் பெயர் கொம்பு. கடலடியில் வளரும் பாசியைத் தோல் வார்போல உலர்த்தி வைத்திருக்கிறார்கள்.

உலர்ந்த பட்டை ஒன்றை என் கையில் கொடுத்தார். மேலே வெள்ளைப் பொடி படிந்திருந்தது. பூசணம் என்று எண்ணிக் கழுவப் போனேன். மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்துவிட்டார். சுவையே அதில்தான் இருக்கிறதாம். ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுத்தால் போதும். குளிர்ந்த நீரில் இரவெல்லாம் ஊற வைத்து, மறுநாள் சிறு தீயில் ஏற்றி, ஓரங்களில் பொடிக் குமிழ்கள் கிளம்பும்போதே பட்டையை எடுத்துவிட வேண்டும். கொதிக்க விட்டால் சாறு வழவழப்பாகிக் கசப்பேறும். இன்னொரு கிண்ணத்தில் உலர்ந்த காளான்கள் ஊறிக்கொண்டிருந்தன. இரண்டு நீரையும் கலந்தார். ஒரு கரண்டி எடுத்து ஊதி நீட்டி, ‘நோந்தெ மிதெ’ என்றார். குடித்துப் பார்.

கடலையும் மழை நனைத்த மண்ணையும் ஒன்றாக மோந்ததுபோல் இருந்தது. உப்பே போடாமல் வாய் நிறைந்தது. 1908இல் இகெதா கிகுனாயே என்ற வேதியியலாளர் இந்தப் பாசியின் சாற்றிலிருந்துதான் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகிய நான்கிலும் சேராத ஒரு சுவைக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார்.

இது மடத்துத் துறவிகளின் சாறு என்று ஒகாசான் விளக்கினார். பக்கத்து மாவட்டமான ஃபுகுயியில், தோகென் என்னும் துறவி 1244இல் நிறுவிய எய்ஹெய்ஜி மடத்தில் இன்றும் மீனும் இறைச்சியும் இல்லாமல் சமைக்கிறார்கள். பள்ளி நாள்களில் அங்கே போய் எள்ளுக் கட்டி சாப்பிட்டது ஒகாசானுக்கு நேற்றிரவு நினைவுக்கு வந்திருக்கிறது. அதிலிருந்து பேச்சு வளர்ந்து, ஒபாச்சான் தம் தாயின் கைப்பக்குவத்தை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்திருக்கிறார். கொம்பு இந்தக் கரையில் விளைவதில்லை. வடக்கே ஹொக்கைதோவிலிருந்து ஒசாகாவரை போன பாய்மரக் கப்பல்கள் நோதோவின் துறைகளில் தங்கி இறக்கிவிட்டுப் போன பழக்கம் அது. பேசப் பேச ஒபாச்சானின் குரல் உயர்ந்தது. அவர் தம் ஊரைப் பற்றிச் சிரித்துக்கொண்டு பேசி மாதக்கணக்காகிறது என்று, நான் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒகாசான் சொன்னார்.

அக்டோபர் 3, வியாழன்

குடியேறிய 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதை முடித்துக் காப்பீட்டு விண்ணப்பமும் கொடுத்துவிட்டுப் பேருந்தில் திரும்பினேன். புறப்பட்டபோது கொட்டிய மழை, திரும்பும்போது வெயிலாகியிருந்தது. வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் கை வெறுமையாக இருப்பது உறைத்தது. காலையில் ஒகாசான் அவசரத்தில் எடுத்துக் கொடுத்தது ஒபாச்சானின் குடை. கருநீலத் துணி, பழகிப் பழகி வழவழத்துப்போன மரக் கைப்பிடி. ஜனவரியில் வாஜிமாவை விட்டு வந்தபோது அவர் கையில் இருந்தவை ஒரு பையும் அந்தக் குடையும்தான் என்பது எனக்குத் தெரியும்.

உள்ளே போய் அவர் முன் அமர்ந்து, ‘வசுரெதெ ஷிமைமஷித்தா’ என்றேன். ‘மறந்துவிட்டேன்’ என்பதில் ‘விட்டேன்’ சுமக்கும் அந்த மீட்க முடியாமையை ‘ஷிமைமஷித்தா’வும் அப்படியே சுமக்கிறது. ஒபாச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டுச்சோற்றை மறக்கவில்லையே என்று கேட்டார்.

ஒதோசான் பேருந்து அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். தடத்தின் எண், ஏறிய நேரம், அமர்ந்த பக்கம், கைப்பிடியின் நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மறுநாள் காலை போனபோது குடை அங்கே இருந்தது. நனைந்திருந்ததை விரித்து உலர்த்தி, மடிப்புக் கலையாமல் சுற்றி, எந்தப் பேருந்தில் எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று எழுதிய சீட்டைக் கைப்பிடியில் கட்டியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்; கட்டணம் எதுவும் இல்லை. கண்டெடுத்து உலர்த்தியவரைப் பார்த்து நன்றி சொல்ல விரும்பினேன். ஆனால் அவர் வண்டியோடு போயிருந்தார்.

அக்டோபர் 6, ஞாயிறு

பழைய தேநீர் விடுதிகள் நிறைந்த தெருவில் தங்கத்தகடு அடிக்கும் கடை ஒன்றுக்குப் பையன் அழைத்துப் போனான். ஜப்பானின் தங்கத்தகட்டில் 99 விழுக்காடு இந்த ஊரில்தான் உருவாகிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம். மூச்சு விட்டால் மடங்கிவிடுகிறது, மூங்கில் இடுக்கியால்தான் தொட வேண்டும். தஞ்சாவூர் ஓவியத்தில் தங்கத்தாள் ஒட்டும் வேலையைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் என்று சொன்னதும், அங்கிருந்த பெரியவர் ஒரு தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். தங்கத்தினூடே வந்த ஒளி பச்சையாக இருந்தது.

இரவு ஒதோசானோடு நீண்ட பேச்சு. அவர் இளைஞராக இருந்தபோது, மொழியறிஞர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று எழுதியது பெரிதாகப் பேசப்பட்டதாம். 1919இல் பிறந்து 2008இல் மறைந்த ஓனோவின் கருத்தை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை; அதைத் தீர்ப்பதற்கு எனக்குப் படிப்பும் போதாது. ஆனால் கோரெ, சோரெ, ஆரெ, தோரெ என்று அவர் சொல்லச் சொல்ல, இது, உது, அது, எது என்று நான் எதிரே அடுக்கினேன். கேட்பவர் பக்கத்தில் இருப்பதைச் சுட்டும் ‘உது’ எங்கள் பக்கத்துப் பேச்சில் மறைந்துவிட்டது, யாழ்ப்பாணத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது என்றேன். உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். வினையைக் கடைசியில் வைத்துப் பேசும் இரண்டு பேர் ஒருவர் வாக்கியம் முடியும்வரை மற்றவர் காத்திருந்து கேட்டோம்.

அக்டோபர் 13, ஞாயிறு

நாளை விடுமுறை என்பதால் இன்று எல்லோரும் வாஜிமாவுக்குப் போனோம். ஒபாச்சானின் வீட்டை அரசுச் செலவில் இடிப்பதற்கு அடுத்த மாதம் முறை வந்திருக்கிறது. அதற்கு முன் ஒரு முறை பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். நான் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்றேன். ‘நீயும் வா’ என்று சொன்னது ஒபாச்சான்தான்.

சுமார் 110 கிலோமீட்டர். முன்பெல்லாம் இரண்டு மணி நேரமாம்; இன்று மூன்றரை ஆயிற்று. வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. தீபகற்பத்துக்குள் போகப் போக, நோதோவுக்கே உரிய பளபளக்கும் கருப்பு ஓட்டுக் கூரைகளின் நடுவே நீலத் தார்ப்பாய்கள் கூடிக்கொண்டே வந்தன. சாலை பல இடங்களில் இடிந்த பகுதியை விட்டு விலகி, புதிதாகப் போட்ட வளைவில் ஏறி இறங்கியது. ஊருக்குள் மழை வெள்ளம் விட்டுப்போன சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தது. வெளியூர் இளைஞர்கள் வரிசையாக நின்று ஒரு வீட்டுக்குள்ளிருந்து மண்வாரியால் சேற்றை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கார் கடந்தபோது நிமிர்ந்து தலை தாழ்த்தினார்கள்.

காலைச் சந்தை இருந்த இடம் வெறும் புல்வெளியாக இருந்தது. அங்கே கடை போட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். ‘கோதே குதா’ என்று ராகம் இழுத்து, வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று ஒபாச்சான் காருக்குள்ளேயே ஒரு முறை கூவிக் காட்டினார்.

வீடு பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. கதவருகே சிவப்புத்தாள், உள்ளே நுழையக் கூடாது என்று பொருள். ஒபாச்சான் குடையை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு முன்னால் போய் நின்று, ‘தடைமா’ என்றார். வீடு திரும்பியவர் சொல்லும் சொல் அது. பின்னால் நின்ற ஒகாசான், ‘ஒகாயெரி’ என்றார். வாருங்கள் என்று வீட்டிலிருப்பவர் சொல்ல வேண்டிய மறுமொழி.

பின்கட்டில் மண்சுவர் வைத்த சேமிப்பறை, எச்சரிக்கையோடு நுழையலாம் என்னும் மஞ்சள்தாளோடு நின்றிருந்தது. ஒதோசான் தலைக்கவசம் அணிந்து உள்ளே போய், ஐந்து நிமிடத்தில் ஒரு மரப்பெட்டியோடு வந்தார். ஒபாச்சான் தம் முப்பது ஆண்டு உழைப்பை அதிலிருந்துதான் எனக்குக் காட்டினார். வாஜிமாவின் அரக்குக் கிண்ணத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. மரத்தைக் கடைந்து, விளிம்பில் துணி ஒட்டி, இந்த ஊர் மண்ணைச் சுட்டுப் பொடித்து அரக்கில் கலந்து பூசி, உலர்த்தி, சாணைக்கல்லால் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்க்க வேண்டும். அவர் பார்த்தது தேய்க்கும் வேலை. முடிந்த கிண்ணத்தில் அந்த வேலை கண்ணுக்கே தெரியாது, அடியில் மறைந்துவிடும் என்று சொல்லி, ரேகை அழிந்துபோன தம் விரல் நுனியை என் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக் காட்டினார்.

புறப்படும்போது அவர் மறுபடி வாசலுக்குப் போனார். வணங்கினார். ‘இத்தெகிமஸு’ என்றார். ஜனவரியிலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார் என்று ஒகாசான் என் காதருகே சொன்னார். பிறகு அவரே வீட்டின் பக்கமாக ஓரடி நகர்ந்து நின்றுகொண்டு, தன் தாயைப் பார்த்து ‘இத்தெராஷ்ஷாய்’ என்றார்.

கனசாவாவுக்குத் திரும்ப இருட்டிவிட்டது. ஒகாசான் காலையிலேயே கொம்பு ஊற வைத்திருந்தார். ஒபாச்சான் மரப்பெட்டியைச் சமையல் மேடையில் வைத்து, பழைய செய்தித்தாளைப் பிரித்து, கிண்ணங்களை வெதுவெதுப்பான நீரில் கழுவி மென்துணியால் துடைத்தார். வெளியே கருப்பு, உள்ளே சிவப்பு. ஒன்றிலும் கீறல் இல்லை. நான்கு என்ற எண்ணின் ஒலி சாவு என்னும் சொல்லோடு ஒத்திருப்பதால் இங்கே கிண்ணங்களை நான்காகச் செய்வதில்லை, ஐந்தைந்தாகத்தான் செய்வார்கள். ஜனவரியிலிருந்து இந்த வீட்டு மேசையில் நான்கு பேர் இருந்தார்கள். ஒபாச்சான் ஐந்தையும் எடுத்து வைத்துச் சாற்றை ஊற்றி, முதல் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.